பாடம் தெரியாதது வேறு, பள்ளி தெரியாதது வேறு

உயர்நிலைப் பள்ளிகளை நடத்தும் தலைமையாசிரியர்களுக்கும், ஒன்பது, பத்தாம் வகுப்புகளின் வகுப்பாசிரியர்களுக்கும்,

வணக்கம்.

என் மகன் பள்ளியில் சேர்ந்த இரண்டாம் நாள், கணக்கு வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போது எழுந்து வெளியே போனான். தண்ணீர் குடித்துவிட்டு வந்து தன் இடத்தில் உட்கார்ந்தான். யாரிடமும் கோபமில்லை, யாரையும் எதிர்க்கவுமில்லை. தாகமெடுத்தது, போனான். அவனுக்கு அப்போது வயது 14. அன்று மாலை அவன் நாட்குறிப்பேட்டில், 'வகுப்பில் ஒழுங்கீனம். பெற்றோர் வந்து பார்க்கவும்' என்று எழுதியிருந்தது. அதை என்னிடம் காட்டிவிட்டுக் கேட்டான்: "அம்மா, தாகமெடுத்தால் கேட்டுவிட்டுத்தான் குடிக்க வேண்டுமா? அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டால்?"

எனக்குப் பதில் தெரியும். முன்கூட்டியே அவனுக்குச் சொல்லி வைக்க வேண்டும் என்றுதான் தோன்றவில்லை. ஒன்பது வருடம் வீட்டிலேயே பாடம் சொல்லிக்கொடுத்தவள் நான். முக்கோணவியலின் வாசல் வரை வந்திருந்தோம். கையைத் தூக்குவது எங்கள் பாடத்திட்டத்தில் இல்லை.

இது எந்தப் பள்ளியின் மேலும் புகார் இல்லை. அந்தக் கணக்கு ஆசிரியரும் நானும் இப்போது நன்றாகவே பேசிக்கொள்கிறோம். அவர் இடத்தில் நான் இருந்தாலும், நாற்பது பிள்ளைகள் நடுவே ஒருவன் எழுந்து நடந்தால் அப்படித்தான் எழுதியிருப்பேன். ஆனால் வீட்டில் படித்த பிள்ளைகள் இன்னும் பலர் உங்கள் வாசலுக்கு வருவார்கள். அவர்கள் வருவதற்குள் உங்களிடம் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும் என்று நினைக்கிறேன்.

பதின்ம வயதில் ஒரு பிள்ளை வீட்டுக்கல்வியை விட்டுப் பள்ளிக்கு வருவதற்குக் காரணங்கள் பல. பெற்றோரில் ஒருவருக்கு வேலை மாறும், அல்லது உடம்பு முடியாமல் போகும். வேதியியலுக்கு இனி சமையலறை மேசை போதாது, ஆய்வகம் வேண்டும் என்கிற கட்டம் வரும். கல்லூரி கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கும். எங்கள் வீட்டில் நடந்தது இதைவிட எளிது. அவனே கேட்டான். "என் வயதுப் பையன்களோடு இருக்க வேண்டும்" என்றான். நான் அன்று கொஞ்சம் அழுதேன். இதை ஏன் சொல்கிறேன் என்றால், சேர்க்கைக்காக உங்கள் எதிரே வந்து உட்காரும் பெற்றோர் பலர் அந்த மனநிலையில்தான் வருவார்கள். கொஞ்சம் விறைப்பாகப் பேசுவார்கள். பிள்ளையின் சாதனைகளை அளவுக்கு மீறி அடுக்குவார்கள். பொறுத்துக்கொள்ளுங்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்தப் பிள்ளைகளுக்கு முதல் மாதங்களில் வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை பாடம் தெரியாததால் வருபவை இல்லை. பள்ளி தெரியாததால் வருபவை. இரண்டும் வெளியே இருந்து பார்க்கும்போது ஒரே மாதிரி இருக்கும்: குறைந்த மதிப்பெண், மௌனம், முரட்டுத்தனம் போலத் தெரியும் ஏதோ ஒன்று. ஆனால் மருந்து வேறு வேறு. பாடம் தெரியாத பிள்ளைக்குப் பாடம் சொல்லித்தர வேண்டும். பள்ளி தெரியாத பிள்ளைக்குப் பள்ளியைச் சொல்லித்தர வேண்டும். முதலாமதற்கு உங்களிடம் சிறப்பு வகுப்பு இருக்கிறது. இரண்டாவதற்கு எதுவும் இல்லை, ஏனென்றால் அது சொல்லித்தர வேண்டிய ஒன்று என்பதே யாருக்கும் தோன்றுவதில்லை.

1968-ல் ஃபிலிப் ஜாக்சன் என்ற அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் இதற்கு ஒரு பெயர் வைத்தார்: மறைந்திருக்கும் பாடத்திட்டம். தொடக்கப் பள்ளி வகுப்பறைகளில் உட்கார்ந்து கவனித்தவர் அவர். பிள்ளைகள் அங்கே கணக்கும் மொழியும் மட்டும் கற்பதில்லை, கூட்டத்தில் இருக்கக் கற்கிறார்கள் என்று எழுதினார். முறை வரும்வரை காத்திருப்பது, கேட்டது மறுக்கப்பட்டால் தாங்கிக்கொள்வது, ஆர்வமாகச் செய்துகொண்டிருப்பதை மணி அடித்ததும் அப்படியே விட்டுவிட்டு எழுவது, எப்போதும் யாரோ மதிப்பிட்டுக்கொண்டிருப்பதோடு வாழ்வது. உங்கள் வகுப்பில் இருக்கும் மற்ற பிள்ளைகள் இதை ஐந்தாறு வயதில் தொடங்கி, அழுதும் அடம்பிடித்தும், ஒன்பது வருடமாகக் கற்றவர்கள். கற்றோம் என்பதுகூட அவர்களுக்கு நினைவில்லை. என் மகன் அதை ஒன்பது வாரத்தில் கற்க வேண்டியிருந்தது. அதுவும் மீசை அரும்பும் வயதில், எல்லோர் கண்முன்னாலும்.

கேள்வி கேட்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு இதுதான் மிகவும் சுவாரசியமாகப் பட்டது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

புவியியல் வகுப்பில் ஆசிரியர் அவனைப் பார்த்து, "பருவக்காற்று ஏன் திசை மாறுகிறது?" என்று கேட்டிருக்கிறார். இவன், "உங்களுக்குத் தெரியுமே சார், நீங்களே சொல்லுங்கள்" என்றிருக்கிறான். வகுப்பு சிரித்திருக்கிறது. ஆசிரியருக்கு அது கிண்டலாகப் பட்டிருக்கிறது. அவன் மேல் சத்தியமாகச் சொல்கிறேன், அவன் கிண்டல் செய்யவில்லை. வீட்டில் ஒருவர் இன்னொருவரிடம் கேள்வி கேட்டால் கேட்பவருக்குப் பதில் தெரியாது என்று அர்த்தம். நான் அவனிடம் கேட்ட கேள்விகளில் பாதி எனக்கே விடை தெரியாதவை. இருவரும் சேர்ந்து தேடுவோம். விடை தெரிந்த ஒருவர், விடை தெரியுமா என்று சோதிப்பதற்காகக் கேட்பது அவனுக்குப் புதிது. ஹியூ மெஹன் என்ற சமூகவியலாளர் 1979-லேயே இந்த வகுப்பறைப் பேச்சைப் பிரித்துக் காட்டியிருக்கிறார்: ஆசிரியர் கேட்பார், மாணவர் சொல்வார், ஆசிரியர் 'சரி' என்றோ 'இல்லை' என்றோ மதிப்பிடுவார். இந்த மூன்று அடித் தாளம் வகுப்பறைக்கு வெளியே அபூர்வம். கடைக்காரரிடம் மணி கேட்டு, அவர் சொன்னதும் 'சரியான விடை, உட்காருங்கள்' என்று நாம் சொல்வதில்லை.

தாளத்தோடு வேகமும் இருக்கிறது. மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் 1970-களில் வகுப்பறைகளின் ஒலிப்பதிவுகளைக் கேட்டுக் கணக்கெடுத்தார். கேள்வி கேட்ட ஆசிரியர் சராசரியாக ஒரு விநாடி போல்தான் காத்திருக்கிறார், அதற்குள் பதில் வராவிட்டால் அடுத்தவரிடம் போய்விடுகிறார் என்று கண்டார். அதை 3 விநாடிக்கு மேல் நீட்டிக்கப் பழக்கியதும் பதில்கள் நீண்டன, வழக்கமாக வாய் திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள். வீட்டில் படித்த பிள்ளை, கேள்வியை வாங்கி, ஜன்னலுக்கு வெளியே பார்த்து, யோசித்து, பிறகு பதில் சொல்லும் பழக்கம் உள்ளவன். அவன் வாயைத் திறக்கும்போது கேள்வி மூன்று பெஞ்சு தாண்டிப் போயிருக்கும். 'மந்தம்' என்று ஒரு ஆசிரியர் சொன்னார். இன்னும் 2 விநாடி, ஐயா. அவனுக்காக மட்டும் இல்லை. உங்கள் கடைசி பெஞ்சிலும் இரண்டொரு குரல் கேட்கும்.

இதே வகையில் இன்னொன்று, பெரியவர்களோடு பேசும் விதம். இந்தப் பிள்ளைகள் பெரியவர்களோடு சரிக்குச் சமமாக உட்கார்ந்து பேசி வளர்ந்தவர்கள். "நீங்கள் எழுதிய மூன்றாவது வரியில் குறி மாறியிருக்கிறது என்று நினைக்கிறேன், சேர்ந்து பார்ப்போமா?" என்று கரும்பலகையைக் காட்டிச் சொல்வார்கள். மரியாதையாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் நாற்பது பேர் முன்னால் அது எப்படிக் கேட்கும் என்று தெரியாது. வகுப்புக்குப் பிறகு தனியாகக் கூப்பிட்டு, "தவறைச் சொன்னது சரி, இங்கே அதைச் சொல்லும் முறை இது" என்று இரண்டு வாக்கியம் சொன்னால் போதும். அதைச் செய்தவர் எங்கள் அனுபவத்தில் ஒரே ஒருவர், உடற்கல்வி ஆசிரியர். அவருக்கு என் மகன் இன்றும் முதலில் வணக்கம் சொல்வான்.

இனி சேர்க்கை. உங்கள் விண்ணப்பப் படிவத்தில் 'கடைசியாகப் படித்த பள்ளி' என்று ஒரு கட்டம் இருக்கிறது. நாங்கள் அதில் ஒரு கோடு போட்டோம். அலுவலக எழுத்தர் கோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பையனைப் பார்த்தார். "ஒன்பது வருடம் படிக்கவே இல்லையா?" என்றார். அவர் மேல் தப்பில்லை, படிவம் அப்படித்தான் கேட்கிறது. கோடு என்றால் படிக்கவில்லை.

அப்புறம் ஒரு நுழைவுத் தேர்வு, எல்லாப் பாடமும் கலந்து 90 நிமிடம். அதன் மொத்த மதிப்பெண்ணை வைத்து ஒரு வகுப்பு கீழே போடலாம் என்று யோசனை சொன்னார்கள். வீட்டில் படித்த பிள்ளையின் அறிவு சமதளமாக இருக்காது. மேடும் பள்ளமுமாக இருக்கும். என் மகன் கணக்கில் வகுப்பைவிட ஒரு வருடம் முன்னால், கட்டுரை எழுதுவதில் ஒரு வருடம் பின்னால். வரலாற்றில் கப்பல்களைப் பற்றிக் கேட்டால் ஒரு மணி நேரம் பேசுவான், மற்றதைக் கேட்டால் விழிப்பான். இதைக் கூட்டி வகுத்து சராசரி எடுத்தால் வருகிற எண், அவனுடைய எந்தப் பாடத்துக்கும் பொருந்தாத ஒரு எண். மேட்டையும் பள்ளத்தையும் கூட்டிப் பாதியாக்கிச் சாலை போட முடியாது. பாடவாரியாகப் பாருங்கள். வயதுக்குரிய வகுப்பிலேயே போடுங்கள். பள்ளம் எந்தப் பாடத்தில் இருக்கிறதோ அதற்கு மட்டும் துணை கொடுங்கள். ஒரு வகுப்பு கீழே போனால் அவன் பாடத்தில் சலிப்பான், கூட்டத்தில் இன்னும் தனியாவான். அவன் வந்ததே தன் வயதுப் பையன்களுக்காக.

எத்தனை மணி நேரம் படித்தான் என்று கேட்பதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. படிப்பை மணிக்கணக்கில் அளக்கும் பழக்கம் அமெரிக்காவில் 1906-ஐ ஒட்டி வந்த 'கார்னகி அலகு' வழியாகப் பரவியது. ஒரு பாடத்தில் ஒரு வருடத்தில் 120 மணி நேரம் ஆசிரியரோடு இருந்தால் ஓர் அலகு. வேடிக்கை என்னவென்றால், அது கல்லூரிப் பேராசிரியர்களுக்கு ஓய்வூதியம் தரும் திட்டத்தின் நிபந்தனையோடு சேர்ந்து பரவிய கணக்கு. பிள்ளைகள் எப்படிக் கற்கிறார்கள் என்று பார்த்து வந்தது இல்லை. ஒரே பிள்ளைக்கு ஒரே ஆள் சொல்லித்தரும் ஒரு மணி நேரமும், நாற்பது பேருக்கு நடத்தும் ஒரு மணி நேரமும் ஒன்றாகாது. பெஞ்சமின் புளூம் என்ற அமெரிக்கக் கல்வி உளவியலாளர் 1984-ல் தனிப்பயிற்சியின் பலன் வகுப்பறையைவிட மிகப் பெரியது என்று எழுதினார். அவர் சொன்ன அளவு அதிகம், உண்மையில் அதில் பாதிக்கும் குறைவு என்று 2011-ல் கர்ட் வான்லேன் என்ற ஆய்வாளர் பல ஆய்வுகளைத் தொகுத்துக் காட்டினார். குறைத்துக்கொண்டாலும் வித்தியாசம் இருக்கத்தான் செய்கிறது. நான் இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பள்ளிக்கு வரும்போது அந்தப் பிள்ளை இழப்பது அதைத்தான் என்பதற்காகச் சொல்கிறேன். புரியாத இடத்தில் நிறுத்தி, திரும்பக் கேட்டு, புரிந்த பிறகு நகர்ந்தவன், இப்போது புரியாத இடத்தோடு அடுத்த பக்கத்துக்குப் போக வேண்டும். முதல் சில வாரம் அவனுக்கு அது மூச்சு முட்டும்.

எங்கள் பக்கத்துக் குறைகளையும் மறைக்க மாட்டேன். நான் அவனுக்கு ஒருமுறைகூட நேரம் வைத்துத் தேர்வு நடத்தியதில்லை. படித்ததைப் பேசச் சொல்வேன், எழுதச் சொல்வது குறைவு. கேட்டுக்கொண்டே குறிப்பெடுப்பது ஒரு தனித் திறமை என்று எனக்குத் தெரியவே தெரியாது. வீட்டில் யார் குறிப்பெடுப்பார்கள், மறந்தால் அம்மாவிடம் கேட்டால் ஆயிற்று. முதல் இடைப்பருவத் தேர்வில் அவன் எழுதிய மூன்று விடைகளும் முழு மதிப்பெண் பெற்றன. மீதி ஏழு கேள்விகளைத் தொடவில்லை. தாளில் 30 என்று இருந்தது. பாடத்தில் 30 என்றுதான் நானும் முதலில் படித்தேன். அது கைவேகத்தின் மதிப்பெண்.

இதற்கு ஒரு எளிய வழி இருக்கிறது. முதல் இரண்டு தேர்வுகளில் நேரம் முடிந்ததும் அந்த இடத்தில் ஒரு கோடு கிழித்துவிட்டு, வேறு நிறப் பேனாவால் மீதியை எழுதச் சொல்லுங்கள். பதிவேட்டில் கோட்டுக்கு மேலே உள்ள மதிப்பெண் ஏறட்டும், சலுகை கேட்கவில்லை. கோட்டுக்குக் கீழே உள்ளது உங்களுக்கும் அவனுக்கும் மட்டும். இரண்டுக்கும் இடையே பெரிய இடைவெளி இருந்தால் அவனுக்குத் தேவை எழுதிப் பழகுவது. இரண்டுமே குறைவாக இருந்தால் அப்போது சொல்லுங்கள், பாடத்தில் உட்கார்ந்து வேலை செய்வோம். அந்த ஒரு தாளில் எனக்குத் தெரிய வேண்டியது எல்லாம் தெரிந்துவிடும்.

வீட்டுப்பாடம் பற்றி ஒரு வார்த்தை. என் மகனுக்கு அதுவரை எல்லாப் பாடமும் வீட்டுப்பாடம்தான். அதனால் 'வீட்டுப்பாடம்' என்று தனியாக ஒன்று கொடுத்தபோது குழம்பினான். "அங்கே ஏழு மணி நேரம் இருந்தேனே, அப்போதே ஏன் முடிக்கக் கூடாது?" என்றான். என்னிடம் இதற்கும் நல்ல பதில் இல்லை. ஆனால் நடைமுறையில் பெரிய தொல்லை வேறு: ஆறேழு ஆசிரியர்கள், ஆறேழு கெடு தேதிகள், ஒருவர் கேட்பது இன்னொருவருக்குத் தெரியாது. இதை நினைவில் வைத்து நடத்துவது மற்றவர்களுக்குப் பழகிய கலை. முதல் மாதம் வகுப்பாசிரியர் வாரம் ஒருமுறை அவன் குறிப்பேட்டைத் திறந்து, எது எப்போது என்று சேர்ந்து எழுதிவிட்டால் நிறைய சண்டைகள் மிச்சம்.

இனி எல்லோரும் முதலில் கேட்கும் விஷயம். "வீட்டிலேயே இருந்தவன், பழகத் தெரியுமா?"

தெரியும், ஆனால் வேறு மாதிரி. அவன் எழுபது வயதுக்காரரோடு சதுரங்கம் ஆடியிருக்கிறான், ஐந்து வயதுப் பிள்ளைக்கு சைக்கிள் பிடித்திருக்கிறான். தன் வயதுக்காரர்கள் நாற்பது பேரை ஒரே அறையில் பார்த்ததில்லை. உலகத்தில் வேறெங்கும் அப்படி ஒரு கூட்டம் கிடையாது என்பதையும் நினைத்துப் பாருங்கள். வயதுவாரியாகப் பிள்ளைகளைப் பிரித்து உட்காரவைப்பது பழைய வழக்கம்கூட இல்லை. ஹோரஸ் மான் என்ற அமெரிக்கக் கல்விச் சீர்திருத்தவாதி 1843-ல் பிரஷ்யாவின் (அன்றைய ஜெர்மானிய அரசு ஒன்று) பள்ளிகளைப் பார்த்துவிட்டு வந்து அந்த முறையைப் புகழ்ந்த பிறகுதான் அமெரிக்காவில் அது வேரூன்றியது. அதற்காக அது தவறு என்று சொல்ல வரவில்லை. அந்தக் கூட்டத்துக்கு என்று ஒரு மொழி இருக்கிறது, அது இவனுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

அந்த மொழி பெரும்பாலும் பழைய கதைகளால் ஆனது. ஐந்தாம் வகுப்பில் யாரோ ஒருவன் மேடையில் வசனம் மறந்து நின்றது. ஒரு ஆசிரியரின் பட்டப்பெயர். ஒரே ஒரு சொல்லைச் சொன்னால் மொத்த வகுப்பும் சிரிக்கும், இவன் மட்டும் கொஞ்சம் தாமதமாக, எதற்கென்று தெரியாமல் சிரிப்பான். என் மகன் சொன்னதில் எனக்கு மிகவும் வலித்தது இதுதான்: "எல்லோரும் சிரித்து முடிக்கும்போது நான் ஆரம்பிக்கிறேன்." இதைப் பள்ளி சரிசெய்ய முடியாது. புதுக் கதைகள் உருவாகும்போது இவனும் அதில் இருக்கும்படி செய்ய முடியும். குழுவாகச் செய்யும் வேலை, நாடகம், ஆய்வகத்தில் ஜோடி, விளையாட்டு அணி, எதுவானாலும் சரி. கைக்கு ஒரு வேலை இருக்கும் இடத்தில் நட்பு வரும். 'எல்லோரும் இவனோடு பழகுங்கள்' என்று அறிவித்தால் வராது.

சாப்பாட்டு இடைவேளைதான் ஒரு நாளின் மிகக் கடினமான நேரம். வகுப்பில் இடம் ஒதுக்கப்பட்டிருக்கும், சாப்பிடும் இடத்தில் ஒதுக்கப்பட்டிருக்காது. முதல் வாரம் அவன் நூலகத்தில் சாப்பிட்டான், பிடிபட்டான், அதற்கும் ஒரு குறிப்பு வந்தது. யாராவது ஒருவரை முதல் சில வாரங்களுக்கு அவனோடு சேர்த்துவிடுங்கள். தயவுசெய்து வகுப்பிலேயே முதல் மதிப்பெண் வாங்கும் மாணவரைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அவருக்கு நேரம் இருக்காது, அவரை மற்றவர்கள் ஆசிரியரின் ஆள் என்று பார்ப்பார்கள். வாயாடியாக, எல்லாக் கூட்டத்திலும் நுழைந்து வெளியே வரக்கூடிய ஒரு ஆளைப் பாருங்கள். ஒவ்வொரு வகுப்பிலும் அப்படி ஒருவர் இருப்பார். பெரும்பாலும் நீங்கள் அவரைத்தான் பேசாதே என்று அடக்கிக்கொண்டிருப்பீர்கள்.

முதல் நாள் வகுப்பில் அறிமுகம் செய்யும்போது, "இவன் இதுவரை பள்ளிக்கே போனதில்லை" என்று சொல்லாதீர்கள். புதிய மாணவன், பெயர் இது, போதும். மீதியை எப்போது, யாரிடம் சொல்வது என்று அவன் முடிவு செய்யட்டும். அதேபோல, அவன் ஏதாவது தவறு செய்யும்போதெல்லாம் அதை வீட்டுக்கல்வியோடு முடிச்சுப் போடாதீர்கள். ஒரு பதினான்கு வயதுப் பையன் மறந்தால், கோபப்பட்டால், சோம்பேறித்தனம் செய்தால் அது பெரும்பாலும் பதினான்கு வயதின் வேலை.

உடம்பைப் பற்றிச் சுருக்கமாக. பதின்ம வயதில் உடலின் கடிகாரம் பின்னால் தள்ளிப்போகிறது, இரவில் தூக்கம் வரும் நேரமே தாமதமாகிறது. உயர்நிலைப் பள்ளிகள் காலை 8.30-க்கு முன் தொடங்க வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அமைப்பு 2014-ல் சொன்னதற்கு அதுதான் காரணம். எட்டு மணிக்கு மேல் எழுந்து பழகிய பிள்ளைக்கு இது இரட்டை அடி. பள்ளி திறப்பதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக எழும் நேரத்தை முன்னால் கொண்டுவருவது எங்கள் வேலை, அதை நான் கடைசி வாரத்தில்தான் தொடங்கினேன். சத்தம் இன்னொன்று. மணி, நடைபாதை, நாற்காலி இழுபடும் ஓசை. மாலையில் வீட்டுக்கு வந்ததும் ஒரு மணி நேரம் யாரோடும் பேசாமல் படுத்திருப்பான். முதல் பருவத்தில் சளியும் காய்ச்சலும் மாறி மாறி வந்தன. இதெல்லாம் போகப் போகச் சரியாகிவிட்டது.

பெற்றோரான எங்களையும் நீங்கள் சமாளிக்க வேண்டியிருக்கிறது, அதற்கு வருந்துகிறேன். இத்தனை வருடம் ஆசிரியராகவும் தலைமையாசிரியராகவும் எழுத்தராகவும் இருந்தவர்கள் ஒரே நாளில் பதவி இழக்கிறோம். நான் முதல் மாதம் பள்ளிக்கு அனுப்பிய செய்திகளை இப்போது எடுத்துப் பார்த்தால் வெட்கமாக இருக்கிறது. பாடநூலின் ஒரு அத்தியாயம் ஏன் இந்த வரிசையில் இருக்கிறது என்றுகூடக் கேட்டிருக்கிறேன். எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு வேலி போடுங்கள்: ஒரே ஒரு ஆசிரியர், வாரத்தில் ஒரு நாள், ஐந்து நிமிடம், ஆறு வாரம். என்னிடம் யாராவது அப்படிச் சொல்லியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். பதிலுக்கு நீங்கள் எங்களிடம் ஒன்றைக் கேட்டு வாங்கலாம். ஒரு தாள்: இவன் எதைப் படித்தான், எதை விட்டான், எப்படிக் கேட்டால் பேசுவான், எதைக் கண்டால் ஒடுங்குவான். ஒன்பது வருடம் ஒரே மாணவனைக் கவனித்தவர் கையில் அந்தத் தகவல் இருக்கிறது. எங்களிடம் யாரும் கேட்கவில்லை.

முடிந்தால் கதவைப் பாதி திறந்து வையுங்கள். முழு நேரமாகச் சேரும் முன், ஒரு பருவம் ஆய்வகத்துக்கு மட்டும், அல்லது விளையாட்டுக்கும் இசைக்கும் மட்டும் வந்து போக அனுமதிப்பது உலகில் புதிது இல்லை. அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் 1996-லேயே வீட்டில் படிக்கும் பிள்ளைகள் உள்ளூர்ப் பள்ளி அணிகளில் ஆட வழி செய்தார்கள். டிம் டீபோ என்ற புகழ்பெற்ற 'அமெரிக்கன் ஃபுட்பால்' வீரர் அப்படி ஆடி மேலே வந்தவர்தான். எல்லோரும் அப்படி வீரராக வேண்டாம். பள்ளியின் முதல் நாளில் நான்கு முகமாவது தெரிந்திருந்தால் போதும்.

வீட்டுக்கல்விக்காரர்களிடையே ஒரு வாய்மொழிக் கணக்கு உண்டு. பள்ளியை விட்டு வீட்டுக்கு வரும் பிள்ளையை, பள்ளியில் இருந்த ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு மாதம் சும்மா விடு, பள்ளி அவன் மேலிருந்து இறங்க அவ்வளவு நாளாகும் என்பார்கள். ஆய்வெல்லாம் இல்லை, அனுபவக் கணக்குதான். எதிர்த்திசையில் போகும் பிள்ளைக்கு இப்படி ஒரு கணக்கை யாரும் சொல்லவில்லை. நான் சொல்லிப் பார்க்கிறேன்: ஒரு முழுப் பருவம். அதற்குள் அவன் கெட்டிக்காரனா, மக்கா, அடங்காதவனா, அடக்கமானவனா என்று எந்த முடிவுக்கும் வராதீர்கள். நாங்களும் உங்கள் பள்ளியைப் பற்றி எந்த முடிவுக்கும் வராமல் இருக்கிறோம். சில பிள்ளைகளுக்கு அதற்குப் பிறகும் ஒத்துவராமல் போகலாம், திரும்பி வீட்டுக்கே வரலாம். அதையும் தோல்விக் கணக்கில் எழுத வேண்டாம்.

எங்கள் வீட்டில் ஐந்தாம் மாதம் ஒரு ராத்திரி, நானும் அவன் அப்பாவும் ஏதோ பேசிக்கொண்டிருந்தோம். அவனுக்கு நடுவில் ஒன்று சொல்ல வேண்டியிருந்தது. கையைத் தூக்கினான். தூக்கிய பிறகுதான் அவனுக்கே தெரிந்தது. மூவரும் சிரித்தோம். அவன் தூங்கப் போன பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஏன் என்று இன்னும் சரியாகத் தெரியவில்லை.

கடைசியாக ஒரு சின்ன வேலை. அடுத்த கல்வியாண்டுக்கான விண்ணப்பப் படிவங்களை எப்படியும் மறுபடி அச்சடிப்பீர்கள். அந்தக் கட்டத்தில் 'கடைசியாகப் படித்த பள்ளி' என்பதற்குப் பதிலாக 'இதுவரை எங்கே, எப்படிப் படித்தீர்கள்' என்று போட்டு, நான்கு வரி எழுத இடம் விட முடியுமா? எங்களைப் போல வருகிறவர்கள் அங்கே கோடு போட வேண்டியிருக்காது.

இப்படிக்கு,
ஒன்பது வருடம் ஒரே ஒரு மாணவனுக்கு ஆசிரியையாக இருந்த ஒரு தாய்